நல்ல நிலையில் பெற்றுக்கொண்ட இரண்டு பிஸ்டல்கள்

போலீஸ் வேலையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். அதில் பாதிக்குமேல் ரைட்டர். ஸ்டேஷனில் நடக்கிறதையெல்லாம் எழுதி, உள்ளே வருகிற சாமான்களுக்குக் காவல் இருக்கிற ஏட்டுக்கு அந்தப் பேர். திருடனைத் துரத்திப் பிடித்த கதை என்னிடம் ஒன்றுகூட இல்லை. பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு எதுவுமில்லாமல் சிரித்து மழுப்பிவிடுவேன். சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அதை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

எங்கள் ஸ்டேஷன் பெங்களூர் ரோட்டின் ஓரத்தில் இருந்தது. இப்போது போல அந்தப் பக்கம் கம்பெனிகள் கிடையாது. ஏரியும் வேர்க்கடலைக் கொல்லையும்தான். துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த விவசாயிகள். பிஸ்டல் லைசன்ஸ் எங்கள் எல்லைக்குள் ஒரே ஒருவருக்குத்தான். சுங்குவார்சத்திரத்துக்குத் தெற்கே, மாதா கோயில் உள்ள ஒரு ஊரில் இருந்த ரிடயர்ட் சுபேதார். அவரிடம் ஒன்றல்ல, ஐந்து இருந்தன.

வருஷத்துக்கு ஒரு தடவை லைசன்ஸ்காரர் வீட்டுக்குப் போய், ஆயுதத்தின் நம்பரும் புத்தகத்திலுள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். எழுபதுகளின் நடுவில் முதல்முறை நான் போனபோது அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர், ஊரே டீச்சரம்மா என்று கூப்பிடும். என் தொப்பியைப் பார்த்ததும் உள்பக்கம் திரும்பி, "உங்க பிள்ளைங்களப் பாக்க வந்திருக்காங்க" என்றார். அவர்களுக்குக் குழந்தை இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

சுபேதார் பட்டாளத்தில் ஆர்மரராக இருந்தவர். துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கிற வேலை. உயரம் குறைவு, பேச்சும் குறைவு. ஆனால் அந்த ஐந்தையும் மேஜை விரிப்பின்மேல் வரிசையாக வைத்துவிட்டால் பேச ஆரம்பித்துவிடுவார். எல்லாமே, ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிற பழைய பிஸ்டல்கள். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர்கள் விற்றதும், காலமானவர்கள் வீட்டிலிருந்து மெட்ராஸ் துப்பாக்கிக் கடைகளுக்கு வந்ததும். சர்வீஸில் இருக்கும்போதே, லீவில் வருகிறபோதெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கி, ஐம்பதுகளின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக லைசன்ஸில் ஏற்றி வாங்கியிருக்கிறார். கம்பெனிப் பேர் சொல்ல மாட்டார். செய்த நாட்டின் பேர்தான். இங்கிலீஷ், அமெரிக்கன், இத்தாலி, பெல்ஜியம், ஜெர்மன்.

"வாங்கும்போது ஒண்ணும் உருப்படியா இல்ல ரைட்டரே" என்றார். "இங்கிலீஷ்ல ஸ்பிரிங் இல்ல. ஜெர்மனுக்குப் பிடியே இல்ல. வெறும் எலும்பா வந்துச்சு."

ஜன்னலோரம் அவருடைய வேலை மேஜை இருந்தது. ஒரு பிடிகருவி, விதவிதமான அரங்கள், சைக்கிள் சக்கரக் கம்பியைத் தட்டி அவரே செய்துகொண்ட சின்னச் சின்ன உளிகள். ஜெர்மன் பிஸ்டலின் பிடி இரண்டு பக்கமும் தனித்தனியாக வராது, ஒரே கட்டை பின்பக்கமாக வளைந்து சுற்றிக்கொள்ளும். அதை ஈட்டி மரத்தில் குடைந்திருந்தார். இரண்டு கட்டைகள் உடைந்து மூன்றாவதில்தான் வந்ததாம், நாலு மாசமாம். பெல்ஜியத்துக்கு எருமைக்கொம்பு. கறுப்புக்குள் ஒரு இடத்தில் மட்டும் தேன் நிறத்தில் ஒரு கீற்று ஓடும், அது கட்டைவிரல் படுகிற இடத்தில் வரும்படி அறுத்திருந்தார். குறி பார்க்கிற முனையில் கடுகளவு பித்தளைப் பொட்டு வைத்திருந்தார், இருட்டுப் பின்னணியிலும் கண்ணுக்குத் தெரிய.

இதெல்லாம் செய்யலாமா என்று கேட்டேன். போலீஸ்காரன் கேட்கிற தோரணையில்தான் கேட்டேன்.

"நம்பரயும் குழலயும் தொட மாட்டேன். அது சர்க்காருது. மத்ததெல்லாம் என்னுது" என்றார்.

பெல்ஜியத்தை என் கையில் கொடுத்தார். நான் லத்தியும் மஸ்கெட் துப்பாக்கியும் பிடித்தவன். பிஸ்டல் பிடித்ததில்லை. பிடி என் கைக்குச் சின்னதாக இருந்தது. அதைச் சொன்னபோது டீச்சரம்மா காபி டம்ளரோடு வந்துகொண்டிருந்தார்.

"அது என் கைக்குச் செஞ்சது" என்றார். "சப்பாத்தி மாவ உருட்டிக் குடுத்து இறுக்கிப் பிடி, இறுக்கிப் பிடின்னாரு. அந்த அச்ச வெச்சுக்கினு செஞ்சாரு. அதுவும் ஜெர்மனும் என் அளவு. ரெண்டு நாள் மாவு வீணாப்போச்சு."

மனைவியை ஒரே ஒரு தடவை சுபேதார் மெட்ராஸ் ரைஃபிள் கிளப்புக்குக் கூட்டிப்போயிருக்கிறார். டீச்சரம்மா ஒரு குண்டு சுட்டுவிட்டு, பிஸ்டலைப் பதமாகக் கீழே வைத்து, போதும், சத்தம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம் அவர் கூப்பிடவுமில்லை, இவர் போகவுமில்லை. ஆனாலும் அந்த இரண்டின் பிடியை அவர் மாற்றவில்லை.

இப்படி ஏழெட்டு வருஷம் ஓடியது. தேர்தல் வந்தால் எல்லாரும் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்போதும் அவர் எண்ணெய்த் தாளில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, பெட்டியோடு கொண்டுவருவார். நான் ரசீது எழுதி அலமாரியில் வைப்பேன். தேர்தல் முடிந்ததும் எடுத்துப் போவார். சீல் கீல் ஒன்றும் கிடையாது. எங்கள் இருவருக்கும் பழக்கமாகிவிட்டது. குன்றத்தூரில் என் தங்கை கல்யாணத்துக்கு சுபேதாரும் டீச்சரம்மாவும் பஸ் மாறி வந்து, கடைசிப் பந்தி வரை இருந்துவிட்டுப் போனார்கள்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. ஒருவர் பேரில் மூன்று துப்பாக்கிக்குமேல் இருக்கக் கூடாது. கூடுதலாக இருப்பதைத் தொண்ணூறு நாளுக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். சர்க்குலரைக் கையில் எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். தபாலில் வந்து அவர் படிப்பதைவிட நான் சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"எந்த ரெண்டு?" என்றார்.

"அது உங்க இஷ்டம் சார்."

டீச்சரம்மாதான் வழி சொன்னார். தன் பேரில் தனியாக ஒரு லைசன்ஸ் வாங்கி, இரண்டை அதில் மாற்றிக்கொண்டால் என்ன? தன் கைக்குச் செய்த இரண்டுதானே, தன் பேரிலேயே இருக்கட்டும். சுபேதார் மனைவியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிடிக்காத ஒன்றை டீச்சரம்மா தனக்காக ஏற்றுக்கொள்கிறார் என்று சுபேதாருக்குத் தெரிந்தது.

லைசன்ஸ் வருகிறவரை இரண்டையும் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. மெட்ராஸில் தெரிந்த கடை ஒன்று இருப்பதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.

"கடையில ஆயிரம் துப்பாக்கி வந்து போவும் சார். யாரு பாத்துக்குவாங்க? நம்ம ஸ்டேஷன்ல வெய்யுங்க. நான் இருக்கேன். மாசம் ஒருவாட்டி வந்து எண்ணெய் போட்டுக்குங்க. நாலு மாசத்துல டீச்சரம்மா லைசன்ஸ் வந்துடும்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்ன வார்த்தை அது.

அவர் ஒப்படைக்க வந்த அன்று ஸ்டேஷனில் புது எஸ்.ஐ. பொறுப்பேற்று ஒரு வாரம் ஆகியிருந்தது. சின்ன வயசு. கெட்டவர் இல்லை, லஞ்சம் வாங்க மாட்டார், யாரையும் அடிக்க மாட்டார். விதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்வார், எழுதாததைச் செய்ய மாட்டார். மரப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது தேர்தல் டெபாசிட் இல்ல. துணியில கட்டி, அரக்கு சீல் வெச்சு எடுங்க" என்றார்.

சுபேதார் அட்டென்ஷனில் நின்றபடிதான் பேசினார். "சார், துணி எண்ணெய உறிஞ்சிடும். அப்புறம் காத்துல இருக்கிற ஈரத்தயும் இழுக்கும். பெட்டிக்கு மேலயே சீல் வெச்சுக்கலாம்."

"பெட்டிய அடியில கழட்ட முடியும். துணிதான் ரூல்."

நான் ஏதாவது சொல்வேன் என்று சுபேதார் என் பக்கம் திரும்பினார். நான் குனிந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் காடாத் துணியில் இரண்டையும் சேர்த்துக் கட்டி, நாலு முடிச்சிலும் அரக்கு உருக்கி ஊற்றி, ஸ்டேஷன் பித்தளை முத்திரையை நானே அழுத்தினேன். காலி மரப்பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

அடுத்த மாதம் முதல் தேதி எண்ணெய்க் குப்பியும் ஃபிளானல் துணியும் எடுத்துக்கொண்டு வந்தார். சீலை உடைக்க மேலிடத்து ஆர்டர் வேண்டும் என்றார் எஸ்.ஐ. நான் கடிதம் எழுதி மேலே அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, எந்த விதியின்கீழ் கேட்கிறீர்கள் என்று பதில் வந்தது. அப்படி ஒரு விதி இல்லை. இல்லாததால்தான் கேட்டோம். அதையே மரியாதையாக மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

அவர் மாதா மாதம் வருவதை மட்டும் நிறுத்தவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் சாமான்கள் வைக்கிற ப்ராப்பர்ட்டி ரூமைத் திறந்து, கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்து அந்த மூட்டையைத் தூக்கிக் காட்டுவேன். வெளியே நின்று பார்ப்பார். ஒருநாள், "கொஞ்சம் மோந்து பாருங்க ரைட்டரே" என்றார். மூக்கருகே கொண்டுபோனேன்.

"எண்ணெ வாசன வருதா?"

வரவில்லை. பழந்துணி வாசம்தான் வந்தது. "வருது சார்" என்றேன்.

டீச்சரம்மாவின் மனு ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. போலீஸ் விசாரணை அறிக்கையை நானே எழுதினேன், ஆட்சேபணை எதுவுமில்லை என்று. ஐந்து மாதம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவர்கள் திரும்பும் வழியில் ஸ்டேஷனில் இறங்கினார்கள். சுபேதார் உள்ளே வரவில்லை, ரோட்டோரம் நின்றுவிட்டார். டீச்சரம்மாதான் வந்து சொன்னார்.

"ஆபீசர் மரியாதையாத்தான் பேசினாரு. ரிடயர்ட் டீச்சருக்குப் பிஸ்டல் எதுக்கும்மா, யாராவது மிரட்டுறாங்களா, உயிருக்கு ஆபத்தான்னு கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"எனக்கு ஒரு ஆபத்தும் இல்ல, எனக்குப் பிஸ்டல் பிடிக்கவும் பிடிக்காது, அவருக்காகத்தான் கேக்கறேன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கேட்டதுக்குப் பதில் சொல்லணும்னு முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ. வாயில வேற எதுவும் வரல."

மனு தள்ளுபடியாகிவிட்டது. அப்பீல் போடலாம் என்றேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடியது. எங்கள் ஸ்டேஷன் பழைய ஓட்டுக் கட்டடம். ப்ராப்பர்ட்டி ரூம் மூலையில் ஒழுகும் என்று தெரியும், அதனால் மூட்டையை நடு அலமாரியில், மேல்தட்டில் வைத்திருந்தேன். நடுவிலும் ஓடு நகர்ந்திருக்கிறது. காலையில் கதவைத் திறந்தபோது துணி தொப்பலாக நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

எஸ்.ஐ.யிடம் ஓடினேன். "பிரிச்சுத் தொடச்சு வெச்சுடலாங்கய்யா. சாட்சி வெச்சு மகஜர் எழுதிக்கலாம். அவரயே கூப்பிட்டு அவர் முன்னாலயே செய்யலாம்."

"ஆர்டர் இல்லாம பிரிக்க முடியாது ரைட்டர். வயர்லெஸ்ல கேளுங்க" என்றார். கேட்டேன். மேலிடம் வெள்ள வேலையில் மும்முரமாக இருந்தது. பிஸ்டல் நனைந்ததைக் கேட்க யாருக்கு நேரம்?

மூன்று நாள் வெயில் தலைகாட்டவில்லை. மூட்டையைக் காற்றுப் படுகிற இடத்தில் வைத்துப் பார்த்தேன். காற்றே ஈரமாக இருந்தது. நான்காம் நாள் ஒரு கான்ஸ்டபிள் பின்கட்டில் கரி இஸ்திரிப் பெட்டி வைத்து யூனிஃபாரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "இப்டி பக்கத்துல வெய்யி ரைட்டரே, தன்னால காஞ்சிடும்" என்றார். எனக்கு அது சரியென்று பட்டது. ஸ்டூல் போட்டு, பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, நானே பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கொருதரம் திருப்பிக்கொண்டிருந்தேன். துணியிலிருந்து ஆவி வந்தது. சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் லாரி ஒன்று மாட்டு வண்டியில் மோதிவிட்டதாக ஆள் ஓடிவந்தது. எஸ்.ஐ. என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். கான்ஸ்டபிளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். அவர் தேய்த்து முடித்து, மூட்டை இன்னும் கொஞ்சம் நன்றாகக் காயட்டும் என்று நல்லெண்ணத்தில் பெட்டியை அதன் பக்கத்திலேயே நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது நாலு முடிச்சில் இரண்டில் அரக்கு உருகி வழிந்து, முத்திரை இருந்த இடம் மழமழவென்று இருந்தது.

மறுபடி சீல் வைத்துவிடலாம் என்று எஸ்.ஐ.யிடம் கெஞ்சினேன். முத்திரை என் மேஜையிலேயே இருந்தது. ஐந்து நிமிஷ வேலை.

"அப்படி வெச்சா அது பொய் ரைட்டர்" என்றார். "நடந்தத அப்படியே ரிப்போர்ட்டா எழுதிக் குடுங்க."

எழுதினேன். என்மேல் நானே, என் நல்ல கையெழுத்தில், இஸ்திரிப் பெட்டி முதல் மாட்டு வண்டி வரை. மேலிடத்துக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வந்த உத்தரவு வேடிக்கையாக இல்லை. சீல் கலைந்திருப்பதால் ஆயுதங்கள் மாற்றப்பட்டனவா என்று சரிபார்க்க வேண்டும், மூட்டையை அப்படியே தலைமை இடத்து ஆயுதக் கிடங்குக்கு அனுப்பவும். எனக்கு மெமோ. மூட்டைக்கு மேல் இன்னொரு துணி, இன்னும் நாலு சீல். உள்துணியில் ஈரம் முழுசாகப் போகவில்லை என்று என் விரலுக்குத் தெரிந்தது. சொன்னேன். அதைக் கேட்டு யாரும் எதுவும் செய்யவில்லை.

சுபேதாரிடம் சொல்ல அவர் வருகிற நாள்வரை காத்திருக்கவில்லை. சைக்கிளில் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எத்தினி நாள் ஈரத்துல இருந்துச்சு?"

"நாலு நாள் சார்."

தலையசைத்தார். எழுந்து போய் வேலை மேஜையிலிருந்த அரங்களை அளவுவாரியாக அடுக்க ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே அளவுவாரியாகத்தான் இருந்தன.

என்னை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். கிடங்கில் மூட்டை எட்டு மாதம் இருந்தது. பரிசோதனை செய்ய வேண்டிய ஆபீசர் பதவி மாறி, அடுத்தவர் வந்து, அவரும் மாறினார். அதற்குள் டீச்சரம்மாவின் அப்பீல் விசாரணைக்கு வந்தது. இந்த முறை என்ன சொன்னார் என்று அவராகவே என்னிடம் சொன்னார்.

"ஏரிக்கரையில தனியா நடந்து வரேன், பின்னால யாரோ வராங்க, பயமா இருக்குன்னு சொன்னேன். எழுதிக்கினாங்க. அடுத்த ஞாயித்துக்கிழம மாதா கோயில் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன்." சிரிக்க முயன்றார். "அவரு எதுக்கும்மா பொய் சொன்னேன்னு கேட்டாரு. பிஸ்டலுக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

லைசன்ஸ் கிடைத்தது. நாலு மாதம் என்று நான் சொன்னது இரண்டு வருஷத்துக்குப் பக்கமாகியிருந்தது.

கிடங்கிலிருந்து வாங்கி வர நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். சுபேதார் காலி மரப்பெட்டியில் புது ஃபிளானல் விரித்துக் கொண்டுவந்திருந்தார். மூட்டையை ஒரு கிளார்க் எங்கள் முன்னால் வைத்துப் பிரித்தார். வெளித்துணி, உள்துணி. உள்துணி பிஸ்டலோடு ஒட்டியிருந்தது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஜெர்மன் செங்கல் நிறத்தில் இருந்தது. ஈட்டி மரப் பிடி உப்பி, பின்பக்க வளைவில் மேலிருந்து கீழ்வரை விரிந்திருந்தது. பெல்ஜியத்தின் கொம்பை ஏதோ பூச்சி அரித்து மாவாக்கியிருந்தது. தேன் நிறக் கீற்று இருந்த இடத்தில் ஓட்டை. சுபேதார் பெல்ஜியத்தைக் கையில் எடுத்து மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுக்காமல் அப்படியே விரிப்பின்மேல் வைத்தார்.

கிளார்க் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்தும்மா."

டீச்சரம்மா படித்தார். 'மேற்கண்ட ஆயுதங்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்றிருந்தது.

"இது நல்ல நிலைமையில இல்லீங்களே" என்றார்.

"ஃபாரம் அப்படித்தாம்மா. எல்லாருக்கும் அதான்."

"கீழ ஒரு வரி எழுதிக்கலாமா?"

"எழுதினா நான் பெரிய ஆபீசருக்கு வெக்கணும். அவரு என்கொயரி போடுவாரு. அதுவரைக்கும் பொருள் இங்கயேதான் இருக்கும்." அவர் குரலில் கோபமோ அதிகாரமோ இல்லை. உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் வாய் திறந்தேன். இருபது வருஷ சர்வீஸ், இந்தத் தாள்கள் என் வேலை, இதற்கு ஒரு வழி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுபேதார் மனைவியிடம், "போடும்மா" என்றார். அவர் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் ஜன்னலோரம். பெட்டி சுபேதார் மடியில். அவர் ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடையில் கொடுத்திருப்பேன், நீதான் கெடுத்தாய் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, என் பெண்ணுக்கு வரன் பார்க்கிறது என்ன ஆயிற்று என்று விசாரித்தார். நானும் பதில் சொன்னேன்.

பெல்ஜியத்தை நான்கைந்து மாதம் பாடுபட்டு அசையும்படி செய்துவிட்டார். குழலுக்குள் துரு தின்ற பள்ளங்கள் விழுந்துவிட்டன, இனிச் சுடுவதற்கில்லை, ஆனாலும் மேல்பாகம் போய் வந்தது. ஜெர்மனில்தான் சிக்கல். துரு ஆழமாகப் பிடித்திருந்தது நம்பர் பொறித்த இடத்தில். நான் போயிருந்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.

"துருவ எடுத்தா நம்பரும் சேந்து போயிடும். எடுக்கலன்னா அது பாட்டுக்குத் தின்னுக்கினே இருக்கும். இன்னா பண்ணலாம் ரைட்டரே?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எண்ணெய் மட்டும் போட்டு வைத்தார்.

அடுத்த வருஷச் சரிபார்ப்பில் என் இடத்துக்கு வந்த ரைட்டர், ஜெர்மனின் கடைசி இரண்டு எண்களைப் படிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டார். டீச்சரம்மா எனக்குச் சொல்லியனுப்ப, நான் பழைய ஸ்டேஷனுக்குப் போனேன். நம்பர் எனக்குத் தெரியும், என் ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது, பாருங்கள் என்றேன்.

"ரிஜிஸ்டர்ல கீது ஏட்டய்யா, துப்பாக்கில இல்லியே" என்றார் அவர். "அதே துப்பாக்கிதான்னு நான் எப்டி எழுதுறது?"

நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நம்பர் தெரியாத ஆயுதத்தை யார் பேரிலும் வைத்திருக்க முடியாது. சர்க்காரிடம் ஒப்படைத்தால் உருக்கிவிடுவார்கள்.

லைசன்ஸ் டீச்சரம்மா பேரில் இருந்ததால் ஒப்படைக்கவும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அன்று சுபேதார் உள்ளே வரவில்லை, எதிரே பஸ் நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டார். டீச்சரம்மா ஃபாரத்தைப் படித்து, 'ஒப்படைகிறேன்' என்று எழுதியிருந்ததில் விட்டுப்போன 'க்' எழுத்தைப் பேனாவால் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு எஸ்.ஐ.யிடம், பிடியை மட்டும் கழற்றிக்கொள்ளலாமா, அது மரம்தான், அவர் செய்தது என்று கேட்டார். எஸ்.ஐ. யோசித்துவிட்டு, சரி கழட்டிக்குங்கம்மா என்றார். அந்த வருஷங்களில் ஸ்டேஷனில் எங்களுக்குக் கிடைத்த முதல் 'சரி' அதுதான். நான் ரோட்டைத் தாண்டி ஓடி சுபேதாரிடம் சொன்னேன்.

"விரிஞ்ச கட்டய வெச்சுக்கினு இன்னா பண்றது ரைட்டரே" என்றார். "அதோடயே போவட்டும்."

டீச்சரம்மா வெளியே வந்தார். பஸ் வந்தது, கூட்டமாக இருந்தது. அவருக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். சுபேதார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு நான் இரண்டு தடவைதான் போனேன். மீதி நாலும் இருந்தன, அலமாரியில், பூட்டி. வேலை மேஜையை ஜன்னலோரத்திலிருந்து எடுத்துவிட்டு அங்கே கட்டில் போட்டிருந்தார்கள். அவருக்கு முதுகு வலி, வெளிச்சமான இடத்தில் படுத்தால் நன்றாக இருக்கிறது என்று டீச்சரம்மா சொன்னார். காபி குடித்தோம். பிஸ்டல் பேச்சை சுபேதார் எடுக்கவில்லை. எனக்கும் எடுக்கத் தைரியம் வரவில்லை.